நூலகமும் கைபேசியும்
(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற மாணவர் அரங்கில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

எனக்கு முன்னே பேசியவர்கள் கழகத்தின் வரலாற்றையும், கல்வி உதவித்தொகை பெற்று உயர்ந்தவர்களின் வாழ்க்கையையும் எடுத்துரைத்தார்கள். எனக்கு அளிக்கப்பட்ட பொருள் சற்றுச் சிறியது. நூலகத்திற்கு ஆய்வு செய்யச் செல்லும் மாணவன், அங்குள்ள நூலின் பக்கங்களைக் கைக்கு அடக்கமான கருவிகளைக் கொண்டு எவ்வாறு படமாக்கி வீட்டிற்குக் கொண்டுவருவது என்பதே அப்பொருள். இதைப் பற்றிப் பேச ஒரு கணினிப் பொறியாளரை அழைத்திருக்கலாம். என்னை ஏன் அழைத்தார்கள் என்று முதலில் வியந்தேன். பிறகுதான் விளங்கிற்று. இந்தத் துறையில் நான் செய்த தவறுகளைப் போல் வேறு எவரும் செய்திருக்கமாட்டார்கள்.

1993ஆம் ஆண்டு நான் பி.எட். முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த காலம். எங்கள் ஊரில் நம் பிள்ளைகளுக்கென்று அக்காலத்தில் ஒரு திண்ணைப் பள்ளி தொடங்கப்பட்டதென்றும், அதற்கென ஒரு துண்டு நிலம் விடப்பட்டதென்றும், அச்செய்தி ஒரு பத்திரிகையில் அச்சானதென்றும் ஊர்ப் பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நான்கு எழுத்துப் படித்தவன் நான் என்பதால், “நீ போய்த் தேடிக் கொண்டுவா, தம்பி” என்று பேருந்துக் கட்டணமும் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு நூலகத்தில், கட்டடம் செய்யப்பட்ட பழைய இதழ்த் தொகுதி ஒன்றில் அச்செய்தி கிடைத்தேவிட்டது. அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியை இப்போதும் சொல்லில் வடிக்க இயலாது. ஜெராக்ஸ் எடுத்துத் தரக் கேட்டேன். தாள் நொறுங்கும் நிலையில் உள்ளது, இயந்திரத்தின்மேல் கவிழ்த்து அழுத்த முடியாது என்று மறுத்துவிட்டார்கள். அவர்கள் சொன்னது நியாயமே. ஆகவே நான்கு நாள் அமர்ந்து பென்சிலால் இருபத்தேழு பக்கங்களைப் படியெடுத்தேன். செய்தியின் கீழிருந்த ‘சித்திரை மாதம் 12ஆம் நாள்’ என்பதையும் எழுதிக்கொண்டேன். ஆண்டை எழுதவில்லை. ஆண்டு, தொகுதியின் முதல் பக்கத்தில் மட்டுமே இருந்தது. அது பல ஆண்டு இதழ்கள் சேர்ந்த தொகுதி என்பதை அன்று நான் கருதிப் பார்க்கவில்லை.

இருபத்து மூன்று ஆண்டுகள் சென்றன. 2016இல் அந்த நிலம் குறித்து ஊரார் ஒரு மனு அளித்தபோது என் நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்தோம். அலுவலர் ஒருவர் அதைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஐயா, இது உங்கள் கையெழுத்து, பத்திரிகை எங்கே? எந்த ஆண்டு?” என்று கேட்டார். விடை சொல்ல இயலவில்லை. மறுநாளே அந்த நூலகத்திற்குச் சென்றேன். தொகுதி சிதைந்துவிட்டதால் வாசகர்க்குத் தரப்படுவதில்லை என்றார்கள். உள்ளே எத்தனை ஏடு எஞ்சியிருக்கிறது என்பதும் அங்கே எவருக்கும் தெரியவில்லை. மனு அத்துடன் நின்றது.

அன்று என் சட்டைப் பையில், இன்று உங்கள் ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் கருவி இருந்திருந்தால், அந்த வேலை கால் மணி நேரத்தில் முடிந்திருக்கும், ஆண்டும் கிடைத்திருக்கும். இதை மனத்திற்கொண்டே இனிச் சொல்வதைக் கேட்க வேண்டுகிறேன்.

நம்மவர் நடத்திய இதழ்களின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழ’னைத் தொடங்கி, பின்னர் அதனைத் ‘தமிழன்’ என்ற பெயரில் 1914இல் தாம் மறையும் வரை நடத்தினார். 1869 முதல் 1943 வரை வெளிவந்த இத்தகைய இதழ்களைப் பற்றி ஜெ. பாலசுப்பிரமணியம் அவர்கள் ஒரு நூலே எழுதியிருக்கிறார். அதில் வரும் பெயர்களைப் படித்தால் பெருமிதம் உண்டாகும்; எத்தனை இதழ்களுக்குப் பெயர் மட்டுமே எஞ்சியிருக்கிறது என்பதைக் கண்டால் நெஞ்சு வலிக்கும். அயோத்திதாசரின் எழுத்துகள் இன்று நம் கையில் உள்ளன என்றால், அதற்குக் காரணம் அன்பு பொன்னோவியம் போன்றோர் அந்தப் பழைய இதழ்களை வீட்டில் வைத்துப் பேணியதும், ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுத்ததும், பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999 முதல் அவற்றை நூலாக வெளியிட்டதுமே ஆகும். நின்றுபோன ஓர் இதழ் மீண்டும் நூலாகத் தொண்ணூறு ஆண்டளவு ஆயிற்று. அந்த இடைக்காலத்தில் ஒரு வீட்டில் ஒழுகிய கூரையோ, பெருகிய கறையானோ அதனை அடியோடு அழித்திருக்கக்கூடும்.

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் வாழ்நாளெல்லாம் பழைய அச்சு நூல்களைச் சேர்த்தார். அவர் மறைவிற்குப் பின் அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் பெற்று, அதனைக் கொண்டு 1994இல் சென்னையில் ஆய்வு நூலகம் ஒன்று அமைக்கப்பட்டது. அங்கு நூல்களை நுண்படச் சுருள்களில் பதிவு செய்தார்கள். அக்காலத்தில் ஒரு பக்கத்தைப் படமாக்கப் பெரிய இயந்திரமும், பயிற்சி பெற்ற ஆளும், குளிரூட்டிய அறையும் தேவைப்பட்டன. நிறுவனங்களால் மட்டுமே ஆன காரியம் அது. இன்று தனி மாணவனாலும் அதில் ஒரு சிறு பங்கைச் செய்ய முடிகிறது.

ஆனால் நூலகத்தில் கால் வைத்ததும் கைபேசியை எடுத்துவிடாதீர்கள். முதலில், படம் எடுக்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். ஒவ்வோர் இடத்திற்கும் ஒவ்வொரு விதி. சில இடங்களில் எழுத்து மூலம் விண்ணப்பம் கேட்பார்கள். சில இடங்களில் படத்திற்கு இவ்வளவு என்று கட்டணம். ஆவணக் காப்பகங்களில் விதிகள் இன்னும் கடுமை. கல்லூரியிலிருந்தோ நம் கழகத்திலிருந்தோ ஓர் அறிமுகக் கடிதம் கொண்டுசெல்லுங்கள். மறைத்து எடுத்துப் பிடிபட்டால், உங்களுக்குப் பின்னால் வரும் நம் பிள்ளைகளுக்கும் அந்தக் கதவு அடைபடும். நம்மை ஐயத்தோடு பார்ப்பதற்குக் காரணம் தேடுபவர்கள் சில இடங்களில் இன்னும் இருக்கிறார்கள் என்பதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அறிந்துகொள்வது நலம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆய்வு உள்ளிட்ட சொந்தப் பயனுக்காக ஒரு நூலை நியாயமான அளவில் பயன்படுத்துவதை உரிமை மீறல் அன்று என்கிறது. ஆசிரியர் மறைந்த ஆண்டிற்குப் பின் அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டால் அவருடைய நூல் பொதுவுடைமை. அயோத்திதாசர் 1914இல் மறைந்தார். இரட்டைமலை சீனிவாசன் 1945இல் மறைந்தார். இவ்விருவரின் எழுத்தும் இன்று எல்லோர்க்கும் பொது. அண்ணல் அம்பேத்கர் 1956இல் மறைந்ததால், அவர் வாழ்நாளில் வெளியிட்ட நூல்கள் 2017 முதல் பொதுவாயின; அவர் மறைவுக்குப் பின் முதன்முதலாக அச்சேறியவற்றுக்குக் கணக்கு வேறு. இப்போது கடையில் விற்கும் ஒரு நூலை முழுவதும் படமெடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்புவது ஆய்வு ஆகாது. அதை எழுதியவர் நம்மைப் போன்ற ஒருவராகவும் இருக்கலாம்.

இனிக் கருவிக்கு வருவோம். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கோல் வடிவிலான ஒரு நகலெடுக்கும் கருவியை வாங்கினேன். அடிமட்டத்தைவிடச் சற்றுப் பருமன், மின்கலத்தில் இயங்கும், பக்கத்தின்மேல் மேலிருந்து கீழாக உருட்டினால் அது படத்தைப் பதிந்துகொள்ளும் என்றார்கள். மனிதக் கை ஒரே வேகத்தில் நகருமா? ஓரிடத்தில் தயங்கும், ஓரிடத்தில் விரையும். எழுத்துகளெல்லாம் திருவிழாக் கடையில் வைத்திருக்கும் கோணற்கண்ணாடியில் தெரியும் முகங்களைப்போல் நீண்டும் குறுகியும் வந்தன. அதனினும் கொடுமை, கருவியின் உருளை பழந்தாளைச் சுருட்டி இழுத்தது. ஒரு பக்கத்தின் மூலை என் கண்ணெதிரே ஒடிந்தது. அன்றே அதை மூட்டை கட்டி வைத்துவிட்டேன். உறுதியான தாளில், தட்டையான பரப்பில் அது பயன்படலாம். பழைய நூலுக்கு அதனை நெருங்க விடாதீர்கள்.

மடிக்கணினியில் இணைத்து இயக்கும் மெல்லிய தட்டை நகலிகளும் உண்டு. தனித் தாளுக்கு அவை மிக நன்று. உங்கள் வீட்டில் உள்ள பழைய பட்டாவை, சாதிச் சான்றிதழை, தாத்தாவின் பணி ஆணையைப் பதிவு செய்ய அதைவிடச் சிறந்தது இல்லை. நூலுக்கு அது ஒவ்வாது. கண்ணாடியின்மேல் நூலைக் கவிழ்த்து முதுகை அழுத்த வேண்டும். முதுகுத் தையல் அறுந்துவிடும். மேலும் அவ்வகை மெல்லிய கருவிகள் கண்ணாடியை ஒட்டியுள்ளதை மட்டுமே தெளிவாகக் காணும். இரு பக்கங்களும் சேரும் பள்ளத்தில் உள்ள எழுத்து மங்கிவிடும். மேலிருந்து நோக்கும் கருவி பொருத்திய மடக்கு விளக்குத்தண்டு போன்ற நகலிகள் இப்போது கிடைக்கின்றன. நூலைத் தொடாமல் படமெடுத்து, பக்கத்தின் வளைவையும் மென்பொருள் கொண்டு நிமிர்த்தும். கழகம் பொதுவில் ஒன்று வாங்கி வைக்கலாம் என்று செயலாளர் அவர்களுக்கு இம்மேடையிலேயே வேண்டுகோள் விடுக்கிறேன். தனி மாணவன் அதற்குப் பணம் செலவிடத் தேவையில்லை.

கைபேசி போதும். போதும் என்பதற்குக் கணக்கும் சொல்கிறேன், கணக்கு ஆசிரியர்கள் பொறுத்தருள்க. அச்செழுத்தைத் தெளிவாகப் பதிய அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வேண்டும் என்பது பொதுவான அளவு. வழக்கமான ஒரு நூற்பக்கம் ஏறத்தாழ ஐந்தரை அங்குல அகலம், எட்டரை அங்குல உயரம். பெருக்கிப் பார்த்தால் நாற்பத்திரண்டு இலட்சம் புள்ளிகள். நீங்கள் வைத்திருக்கும் சாதாரணக் கைபேசியும் 120 இலட்சம் புள்ளிகள் பதியும். அதாவது கடைக்காரர் பன்னிரண்டு மெகாபிக்சல் என்று சொல்வது. ஆகவே விரித்த இரு பக்கங்களையும் ஒரே படத்தில் எடுத்தாலும் அளவு குறையாது. செய்தித்தாள் மட்டும் வேறு. பெரிய தாளின் முழுப் பக்கத்தை ஒரே படத்தில் அடக்கினால் எழுத்து எறும்பு ஊர்ந்த தடம் போலாகும். அதை நான்கு பகுதிகளாக, ஒன்றின் ஓரம் மற்றொன்றின்மேல் இரண்டு விரற்கடை ஏறுமாறு எடுக்க வேண்டும்.

வெளிச்சமே முதன்மையானது. கைபேசியின் மின்னொளியை அணைத்துவிடுங்கள். வழவழப்பான தாளில் அது வெண்புள்ளியாக விழுந்து நடுவில் உள்ள வரிகளை விழுங்கிவிடும். அருகில் படிப்பவருக்கும் தொல்லை. சன்னலோரம், நேர் வெயில் படாத இடம் சிறந்தது. விளக்கு தலைக்கு நேர் மேலே இருந்தால் உங்கள் தலையின் நிழலும் கையின் நிழலும் பக்கத்தில் விழும். இருக்கையைத் திருப்பிப் போட்டு அமருங்கள். சில குழல் விளக்குகளின் ஒளியில் படத்தில் கரிய பட்டைகள் தோன்றும். அது கைபேசியின் பழுதன்று, விளக்கின் துடிப்பு. இடம் மாறினால் மறையும். சட்டைப் பையிலும் இடுப்புப் பையிலும் கிடந்த வில்லையில் எண்ணெய்ப் பசையும் விரல் தடமும் படிந்திருக்கும். மென்துணியால் துடைக்காமல் முதற்படத்தை எடுக்காதீர்கள். இதைச் சொல்ல ஒரு தலைமையாசிரியர் வேண்டுமா என்று நீங்கள் சிரிக்கலாம். கடந்த ஆண்டு என்னிடம் காட்டப்பட்ட படங்களில் பாதி, பனிக்காலத்து விடியலில் எடுத்தவைபோல் இருந்ததற்கு அதுவே காரணம்.

நூலை முழுவதும் விரித்து அழுத்தக் கூடாது. முதுகு தாங்கும் அளவுக்கே திறந்து, ஒரு பக்கத்து அட்டையைச் சாய்த்து, அதன் அடியில் துண்டையோ மற்றொரு நூலையோ முட்டுக் கொடுத்து வையுங்கள். வலப்பக்கங்களை மட்டும் முதலில் வரிசையாக எடுத்து முடித்து, பிறகு நூலைத் திருப்பி இடப்பக்கங்களை எடுப்பது பழந்தொகுதிகளுக்கு உகந்த முறை. ஒவ்வொரு முறையும் கைபேசியை இடம் மாற்ற வேண்டியதில்லை; நூலும் அலைக்கழியாது. பக்கம் தானே மூடிக்கொண்டால் உள்ளங்கையால் தேய்க்காதீர்கள்; எச்சில் தொட்டுப் புரட்டும் வழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பழைய வேட்டித் துணியில் ஒரு நீண்ட குழல் தைத்து, அதில் நாணயங்களை இட்டு முடிந்து வைத்திருக்கிறேன். அதைப் பக்கத்தின் ஓரத்தில் மெல்ல வைத்தால் போதும். மெல்லிய தாளாயின் மறுபக்கத்து எழுத்து ஊடுருவித் தெரியும். அப்போது அத்தாளின் பின்னால் ஒரு கருநிறத் தாளைச் செருகுங்கள். மறுபக்கத்து எழுத்து மறைந்துவிடும். இது எனக்கு ஒரு நூலகப் பணியாளர் கற்றுத்தந்தது. அவர் பெரிய பட்டம் ஏதும் பெற்றவரல்லர்.

கைபேசி பக்கத்திற்கு இணையாக இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் மேல் வரி சிறுத்தும் கீழ் வரி பெருத்தும் வரும். சில கைபேசிகளில் கட்டக் கோடுகளையோ சமமட்டக் குறியையோ இயக்கிக்கொண்டால் அது சாய்வைக் காட்டிக்கொடுக்கும். மிக அருகில் பிடிக்காமல் ஒன்றரை அடி உயரத்தில் பிடித்து, தேவைக்குச் சற்றே உருப்பெருக்கி எடுத்தால் ஓரங்கள் வளையா. முழங்கைகளை மேசையில் ஊன்றிக்கொண்டு, திரையைத் தொடாமல் ஒலியளவுப் பொத்தானை அழுத்துங்கள், நடுக்கம் குறையும். ஓசையை நிறுத்திவைக்க மறவாதீர்கள். இப்படிச் செய்தால் ஒரு மணி நேரத்தில் இருநூறு, முந்நூறு பக்கங்கள் எடுக்கலாம்.

ஆனால் படம் எடுப்பது பாதி வேலைதான். நம் கழகத்தின் உதவித்தொகை பெற்று ஆய்வு செய்யும் மாணவி ஒருத்தி, இரண்டு நாளில் முந்நூற்று நாற்பது படங்கள் எடுத்து வந்தாள். படங்கள் கண்ணாடிபோல் தெளிவு. ஆறு மாதம் கழித்து ஆய்வேட்டை எழுதும்போது, எந்தப் பக்கம் எந்த நூலைச் சேர்ந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அழுதுகொண்டு வந்து நின்றாள். 1993இல் நான் செய்த அதே பிழை! பென்சில் போய்க் கைபேசி வந்தது. பிழை மட்டும் அப்படியே இருந்தது. அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஒவ்வொரு நூலுக்கும் முதற்படம், ஒரு வெள்ளைத் தாளில் நூலகத்தின் பெயர், நூலின் அழைப்பெண், நாள் ஆகியவற்றை எழுதி எடுத்த படமாக இருக்கட்டும். அடுத்து முகப்பு, அதன் பின்பக்கத்துப் பதிப்பு விவரம், இதழாயின் ஆண்டும் மாதமும் உள்ள தலைப்புப் பகுதி. அதன் பிறகே உங்களுக்கு வேண்டிய பக்கங்கள். பக்க எண் படத்திற்குள் விழுகிறதா என்று பாருங்கள். விளிம்பை வெட்டி எடுக்காதீர்கள். ஏடு விடுபட்டிருந்தால் ‘41 முதல் 44 வரை இல்லை’ என்று ஒரு துண்டில் எழுதி அதையும் அந்த இடத்தில் படமெடுங்கள். இல்லாவிட்டால், விட்டது நூலா நீங்களா என்று பிற்காலத்தில் ஐயம் எழும். நூலைத் திருப்பிக் கொடுக்குமுன் அங்கேயே எல்லாப் படங்களையும் ஒருமுறை தள்ளிப் பாருங்கள். மங்கிய படத்தை மறுபடி எடுக்க அப்போது ஒரு நிமிடம் ஆகும். ஊர் வந்து கண்டால் ஒரு நாளும் ஒரு பேருந்துக் கட்டணமும் ஆகும்.

நகலெடுக்கும் செயலிகள் பல உள்ளன. அவை விளிம்பைக் கண்டறிந்து, கோணலை நேராக்கி, கறுப்பு வெள்ளையாக்கித் தரும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அழகில் பென்சில் குறிப்புகளும், மங்கிய முத்திரையும், பழுப்பில் கரைந்த எழுத்துகளும் அழிந்துவிடும். ஆகையால் முதலில் எடுத்த வண்ணப் படத்தை அழிக்காதீர்கள். செயலி தந்ததைப் படிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இலவசம் என்று கண்டதையெல்லாம் நிறுவுவதும் வேண்டா. பலரும் பயன்படுத்திவந்த கேம்ஸ்கேனர் என்ற செயலியை 2020 ஜூன் மாதம் இந்திய அரசு வேறு பல செயலிகளுடன் தடை செய்தது நினைவிருக்கும். அதில் மட்டும் தம் கோப்புகளை வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டைக் கண்டேன். வாட்சாப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி, எழுத்தின் ஓரங்கள் சிதைந்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் முழு அளவில் சேரும்.

படத்திலுள்ள எழுத்தை, தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் வசதியும் வந்துவிட்டது. கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி ஆவணமாகத் திறந்தால் தமிழையும் படித்துத் தருகிறது. டெசராக்ட் என்ற கட்டணமில்லா மென்பொருளும் தமிழறியும். பிற்கால அச்சில் இவை பெரும்பாலும் நன்றாகவே படிக்கின்றன. பழைய அச்சில்தான் சங்கடம். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முன் ணா, றா, னா என்பவற்றைச் சுழித்தும், ணை, லை, ளை, னை என்பவற்றைத் துதிக்கை வைத்தும் எழுதினோம். உங்களில் பலர் அவற்றைக் கண்டிருக்கமாட்டீர்கள். இயந்திரமும் அங்கே தடுமாறுகிறது. காலுக்கும் ரகரத்திற்கும் வேறுபாடு காணத் தவறுகிறது. தமிழ் எண்களால் பக்கமும் ஆண்டும் குறித்திருந்தால் ஒன்றைக் ககரமாகவும், இரண்டை உகரமாகவும் படித்துவைக்கிறது. ஆண்டையே எழுத்தாக்கிவிடும் இயந்திரத்தை நம்பி மேற்கோள் காட்டலாமா? தேடுவதற்கு இயந்திரம், சரிபார்ப்பதற்குக் கண். பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்த பாட்டனாரும் பாட்டியாரும் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். மாலையில் அவர்கள் அருகில் அமர்ந்து, திரையில் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள்.

அண்ணல் அம்பேத்கர் 1917இல் இலண்டனிலிருந்து திரும்பியபோது, அரைவயிறு உண்டு மிச்சம் பிடித்த பணத்தில் அவர் சேர்த்த நூல்கள் வேறொரு கப்பலில் ஏற்றப்பட்டன. உலகப் போரில் அக்கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியது. அவருக்கு மறுபடி எடுக்கப் படி இல்லை. உங்கள் கைபேசி கிணற்றில் விழலாம், பேருந்தில் களவு போகலாம். முந்நூறு படங்கள் ஒரு கிகாபைட்டுக்குச் சற்று மேல் வரும். விரல் நீளமுள்ள ஒரு நினைவகக் குச்சியில் இவற்றைப்போல் பல மடங்கு அடங்கும். அன்றன்றைக்கே ஒரு படியைக் குச்சியிலும், ஒரு படியை வேறோர் இடத்திலும் வைத்துவிடுங்கள். கழக அலுவலகத்தில் இதற்கென ஒரு வன்தட்டு ஒதுக்கித் தர நிர்வாகிகள் இசைந்திருக்கிறார்கள். கோப்புறைக்கு ‘படங்கள் புதியது’ என்று பெயரிடாமல் நூலகம், இதழ், ஆண்டு, மாதம் என்று இட்டால், உங்களுக்குப் பின் வருபவனும் கண்டுபிடிப்பான்.

ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். நான்கு நாள் பென்சிலால் எழுதியபோது, அந்த இருபத்தேழு பக்கமும் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. இன்றும் சில வரிகளைச் சொல்வேன். கைபேசியில் ஆயிரம் பக்கம் வைத்திருக்கும் பிள்ளைகள் சிலர் அதில் பத்துப் பக்கங்களையும் படித்ததில்லை. எடுத்த அன்றிரவே முதல் ஐந்து பக்கங்களையாவது படித்து, குறிப்பு எழுதிவிட வேண்டும் என்று அந்த ஆய்வு மாணவிக்கு ஒரு கட்டளை இட்டிருக்கிறேன். கடைப்பிடிக்கிறாளா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். மூன்றாம் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு அமர்ந்திருக்கிறாள்.

எதைத் தேடுவது என்று கேட்கும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்கீர் நம் மக்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கையும், அதையொட்டி 1892இல் பிறந்த அரசாணையும்தான் பஞ்சமி நிலங்களுக்கு அடிப்படை. சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. அதற்கு அருகிலேயே 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகமும் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஆயிரக்கணக்கான பழைய நூல்களும் இதழ்களும் வீட்டிலிருந்தே படிக்கக் கிடைக்கின்றன; புறப்படுமுன் அதில் தேடிவிடுங்கள், அங்கு இருப்பதை மறுபடி படமெடுக்க வேண்டா. உங்கள் ஊர்ப் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடும் ஓர் ஆவணமே. அதை எடுக்கத் தலைமையாசிரியரின் அனுமதி வேண்டும்; பிள்ளைகளின் பெயரும் சாதியும் உள்ள பக்கங்களை வெளியே பரப்பக் கூடாது. என் பள்ளியில் கேட்டு வந்தால் நானே மேசையைச் சன்னலோரம் இழுத்துப் போட்டுத் தருவேன்.

என்னுடைய பழைய நோட்டுப் புத்தகத்தை இன்று கையோடு கொண்டுவந்திருக்கிறேன். அந்த இதழின் பெயரும், செய்தியின் தலைப்பும், சித்திரை மாதம் 12ஆம் நாள் என்ற குறிப்பும் அதில் உள்ளன. ஓர் இதழ் ஒரே நூலகத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வேறெங்கேனும் அதன் மற்றொரு படி இருக்கக்கூடும். கூட்டம் முடிந்ததும் நோட்டை அந்தப் பக்கத்தில் திறந்து மேசைமேல் வைக்கிறேன். நூலகங்களுக்குச் செல்லும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அதை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையையும் சேர்த்து எடுங்கள். கிடைத்தால், தொகுதியின் முதல் பக்கத்தை முதலில் எடுத்துவிட்டு எனக்குத் தொலைபேசி செய்யுங்கள். எந்த நேரமாயினும் எடுப்பேன்.